ஐம்பதுக்கு ஒன்று: ஒட்டாகோவின் பழைய ரயில் தடத்தில்

நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. 50 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் மேலே ஏறலாம், அதுவே அதிகம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒட்டாகோ மலைநாட்டுக்குள் ரயில் பாதை போட்டவர்கள் இந்தக் கணக்கைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். குறுக்கே குன்று வந்தால் சுற்றிக்கொண்டு போனார்கள். சுற்ற முடியாத இடத்தில் பாறையை வெட்டினார்கள், வெட்டித் தீராத இடத்தில் குடைந்தார்கள். பள்ளம் வந்தால் கல்தூண் எழுப்பிப் பாலம் போட்டார்கள். அத்தனை பாடும் எஞ்சினுக்காகப் பட்டது. இன்று அந்தத் தடத்தில் எஞ்சினும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கிளைடு என்ற ஊரில் தொடங்கி மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டருக்குச் சரளைப் பாதையாகக் கிடக்கிறது. முழங்கால் தேய்ந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், வருஷக்கணக்கில் சைக்கிளைத் தொடாதவர்கள் எல்லோரும் அதில் ஒரு மலைநாட்டையே கடந்து போகிறார்கள்.

அப்பாவோடு ஒரு மார்ச் மாதம் அந்தத் தடத்தில் போய்வந்தேன். அப்பா மானாமதுரைப் பக்கம் மீட்டர் கேஜ் லைனில், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்கில், கேங்மேனாகச் சேர்ந்தவர். பிறகு கீமேன், ஓய்வு பெறும்போது கேங்குக்குத் தலைவரான மேட். விடிகாலையில் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகக் கிளம்பி, தன் எல்லைக்குட்பட்ட லைனை முழுக்க நடந்து, தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் சாவி கழன்றிருந்தால் அடித்து ஏற்றி, தளர்ந்த போல்ட்டை முறுக்கி, ஜல்லி சரிந்த இடத்தை மனசில் குறித்துக்கொண்டு திரும்புவது கீமேன் வேலை. வெயில், மழை என்று பார்க்காமல் அதைச் செய்தவர். ஒட்டாகோவின் பெரிய நகரமான டனீடனில் நான் குடியேறிய பிறகு அம்மாவும் அவரும் அப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தார்கள். ஏரி, பனிமலை என்று எதைக் காட்டினாலும் "நல்லா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார். பழைய ரயில் தடம் ஒன்று இருக்கிறது, சைக்கிளில் போகலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த வருஷம் மூடுனாங்க?"

"தொண்ணூறுலப்பா."

"கரையெல்லாம் சரியாம இருக்கா? பாலம் என்ன கதி?"

அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தன. போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அவருக்குப் பேட்டரி சைக்கிள், எனக்குச் சாதாரண சைக்கிள். அம்மாவும் என் கணவரும் காரில் முன்னால் போய், ராத்தங்கும் ஊர்களில் எங்களோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

இந்த லைனின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1861-இல் கேப்ரியல் ரீட் என்பவர் ஒட்டாகோவில் தங்கம் கண்டுபிடித்தார். மலைநாட்டுக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். டனீடனை ஒட்டியுள்ள விங்கட்டூயில் 1879-இல் ரயில் பாதை வேலை தொடங்கியபோது தங்க வேட்டையின் முதல் வேகம் அடங்கியிருந்தது. ஆனால் உள்ளே ஆட்டுப் பண்ணைகள் இருந்தன, கம்பளி இருந்தது, பிற்பாடு ஆப்ரிகாட் தோட்டங்களும் வந்தன. பாதை மிடில்மார்ச்சைத் தொட்டது 1891-இல். ரான்ஃபர்லிக்கு 1898. கிளைடுக்கு 1907. அதற்கு அப்பால் குரோம்வெல் வரை போய் முடிந்தது 1921-இல். வேலை தொடங்கிய வருஷம் பிறந்த குழந்தைக்குக் கடைசி ஊருக்கு ரயில் வரும்போது 42 வயது. பாதை அவ்வளவு மெதுவாக நகர்ந்ததற்குக் காசுத் தட்டுப்பாடு ஒரு காரணம். மற்றது, முதலில் சொன்ன அந்த ஐம்பதுக்கு ஒன்று. அதைக் காப்பாற்றக் கடப்பாரையும் மண்வெட்டியும் கைவண்டியும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு மனிதர்கள்தான் மலையோடு மல்லுக்கட்டினார்கள்.

ஏறி வர இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட லைன் இறங்கிப் போனது வேகமாகத்தான். 1976-இல் பயணிகள் வண்டி நின்றது. நெடுந்தூரச் சரக்கை லாரியில் ஏற்றக் கூடாது என்று ரயிலுக்குப் பாதுகாப்பாக இருந்த சட்டத்தை 1980-களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். அப்புறம் கிளைடு அணை வந்தது. அணைக்குப் பின்னால் தேங்கப்போகும் ஏரிக்காக, கிளைடுக்கும் குரோம்வெல்லுக்கும் இடையிலான பகுதி 1980-இலேயே மூடப்பட்டது. மிச்சமிருந்த லைன் அந்த அணைக்கான சாமான்களைச் சுமந்து கொடுத்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் உயிரோடு இருந்தது. அந்தச் சுமையும் தீர்ந்ததும் 1990 ஏப்ரல் கடைசியில் அதையும் மூடினார்கள். தன்னில் ஒரு பகுதியை முழுக வைத்த அணைக்கே சாமான் சுமந்த லைன் இது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அந்த லைன் ஆளுகளுக்கு எப்படி இருந்திருக்கும்" என்று மட்டும் கேட்டார்.

கிளைடிலிருந்து அலெக்சாண்ட்ராவுக்கு 8 கிலோமீட்டர். நேரான, தட்டையான பாதை. அதை விரைவாகக் கடந்துவிடலாம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்பா நடுவிலேயே நிறுத்தினார்.

"ஓம வாசனை வருதே?"

இரண்டு பக்கமும் காய்ந்த குன்றுகளில் சாம்பல் பச்சையாகப் படர்ந்து கிடந்தது தைம் செடி. தங்கம் தேடி வந்தவர்கள் காலத்தில் இங்கே வந்து சேர்ந்து, காட்டுச்செடியாகவே பரவிவிட்டது. ஒரு கொத்தைக் கசக்கி முகர்ந்தால் அவர் சொன்னது சரி. ஓமத்தில் மணப்பதும் தைமில் மணப்பதும் தைமால் என்ற ஒரே பொருள்தான். நியூசிலாந்திலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதிகளில் அலெக்சாண்ட்ராவும் ஒன்று, வருஷத்துக்கு ஏறக்குறைய 350 மில்லிமீட்டர். நியூசிலாந்து என்றாலே பச்சை என்று நினைத்திருந்த அப்பாவுக்கு இந்தக் காய்ந்த மண்ணும் முள்ளும் கருத்த பாறைகளும் பிடித்துப்போயின. எங்கள் பக்கத்துப் பொட்டலில் சைக்கிள் மிதிப்பவர் முகத்தில் தெரியும் நிதானம் அங்கேதான் அவருக்கு வந்தது.

சாட்டோ கிரீக்கில் 1886-இல் தொடங்கிய விடுதி ஒன்று இன்றும் நடக்கிறது. அங்கே தேநீர் குடித்துவிட்டு ஏற ஆரம்பித்தால் டைகர் ஹில். பெயரைக் கேட்டு நான் பயந்திருந்தேன். பெரிய வளைவாகச் சுற்றிச் சுற்றி, ஏறுகிறோம் என்பதே தெரியாமல் பாதை மேலே கொண்டுபோய்விடுகிறது. நின்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே போயிருக்கும். அப்பா சைக்கிளின் பேட்டரியை அணைத்துவிட்டு மிதித்தார். "எஞ்சின் ஏறுன ஏத்தத்த நாம ஏற மாட்டமா" என்றார்.

மேலே ஓரமாக ஒரு சின்ன மரக் கொட்டகை. இந்தத் தடம் நெடுக இப்படிப்பட்ட கொட்டகைகள் உண்டு. லைனைப் பராமரித்த கேங் ஆட்களின் கொட்டகை எப்படி இருந்ததோ அதே வடிவில் கட்டி, உள்ளே அந்த இடத்தின் வரலாற்றைப் படத்தோடு எழுதி வைத்திருக்கிறார்கள். மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்த பழைய புகைப்படம் ஒன்றில் தொப்பி போட்ட ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அப்பா ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். ஒவ்வொருவர் கையில் இருப்பதும் என்ன, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இது ஜல்லியை ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் குத்தித் திணிக்க. இது தண்டவாளத்தை நெம்ப. முன்னால் நிற்கிறவர்தான் மேட்டாக இருப்பார், அவர் குனிந்து கண்ணாலேயே லைன் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். மற்றவர்கள் ஒரே குரலில் பாட்டுக் கட்டித் தள்ளுவார்கள். அவர் பேசப் பேச, எங்களோடு ஒதுங்கியிருந்த இரண்டு வயதான பெண்கள் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். மொழிபெயர்த்தேன். அவர்களில் ஒருவருடைய தாத்தா தெற்கே வேறொரு லைனில் இதே வேலை பார்த்தவராம். அப்பாவும் அந்த அம்மாவும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

ரயிலைப் பற்றிய அருங்காட்சியகங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பளபளவென்று துடைத்த எஞ்சின்கள், ஸ்டேஷன் மணி, முதல் வகுப்பு இருக்கை. கேங்மேனுக்கு அங்கே இடம் இருந்து நான் பார்த்ததில்லை. 152 கிலோமீட்டர் தடத்துக்கு அடையாளமாகக் கேங் கொட்டகையைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு என் வணக்கம்.

லாடர் என்ற ஊரைத் தாண்டியதும் வரும் பூல்பர்ன் பள்ளத்தாக்குதான் இந்தத் தடத்தின் உச்சம். தயவுசெய்து அங்கே சைக்கிளை விட்டு இறங்கி நடங்கள். மனுஹெரிகியா ஆற்றின் மேல் நூறு மீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் ஒரு பாலம். அப்புறம் பாறைக்குள் இரண்டு சுரங்கங்கள். அதே பள்ளத்தாக்கில் 37 மீட்டர் உயரத்தில் பூல்பர்ன் பாலம். இவ்வளவும் சில கிலோமீட்டருக்குள். சுரங்கம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மீட்டர். கையில் டார்ச் இல்லாமல் போகவே கூடாது. உள்ளே வெளிச்சம் விழாது, தரை மேடு பள்ளம், சுவரில் ஈரம். எதிரே வருகிறவர்களின் பேச்சுக் குரல் முதலில் வரும், வெளிச்சப் பொட்டு பிறகு வரும், ஆள் கடைசியில்தான் தெரிவார்.

பூல்பர்ன் பாலத்தின் தூண்கள் அந்த மலையிலேயே எடுத்த கல்லால் ஆனவை. ஷிஸ்ட் என்பார்கள், ஏடு ஏடாகப் பிளக்கும் கல். இரும்புச் சட்டங்கள் அந்தத் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரயில் ஓடிய காலத்தில் ஸ்லீப்பர்களுக்கு நடுவே கீழே ஆறு தெரிந்திருக்கும். இப்போது பலகை அடித்து, இரு பக்கமும் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். இந்தத் தடத்தில் 60-க்கும் மேற்பட்ட பாலங்கள், அத்தனைக்கும் இப்படிச் செய்திருக்கிறார்கள். அதற்கான பணத்தில் பெரும்பகுதியை ஊர் ஊராகத் திரட்டியது 1994-இல் அமைத்த ஓர் அறக்கட்டளை.

அப்பா பாலத்தின் ஓரமாக இறங்கி, தூண் பாறையோடு சேரும் இடத்தைப் பார்க்கப் போனார். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்தார்.

"நூறு வருஷம் ஆச்சுங்கிற. ஒரு இணைப்புல விரிசல் இல்ல. கல்ல அடிச்சவன் கை சுத்தம்."

கை சுத்தம் என்பது அவர் வாயிலிருந்து லேசில் வரும் பாராட்டில்லை.

அந்தப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ரயில்வே கைவிட்டது தண்டவாளத்தை மட்டும்தான். அது கட்டிய விலைமதிப்பற்ற சொத்து இரண்டு: சீரான ஏற்றம், அறுபடாத நிலம். லைனை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தபோது இந்தப் பட்டை நிலத்தைப் பக்கத்துப் பண்ணைகளுக்குத் துண்டு துண்டாக விற்றிருக்கலாம். உலகம் முழுக்க மூடிய லைன்களில் பெரும்பாலானவற்றுக்கு நடந்தது அதுதான். வேட்டியைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டால் பிறகு யாராலும் அதை உடுத்த முடியாது. இங்கே 1993-இல் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை முழுத் தடத்தையும் ஒரே கையில் வாங்கிக்கொண்டது. நடுவில் ஒரே ஒரு கிலோமீட்டர் போயிருந்தால்கூட இன்று யாரும் இதில் வந்திருக்க மாட்டார்கள்.

அப்போது ஊர்க்காரர்கள் எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. தன் வயலுக்கு நடுவே ஓடும் தடம் தனக்கே திரும்பி வரும் என்று எதிர்பார்த்த விவசாயிகள் இருந்தார்கள். அந்நியர்கள் வந்தால் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள், ஆடுகள் மிரளும், குப்பை சேரும் என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1984-க்குப் பிறகு நியூசிலாந்து அரசு விவசாய மானியங்களை நிறுத்தியதில் அடிபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். ரயிலும் போய்விட்டது. இதில் சைக்கிள்காரர்கள் வந்து என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

2000 பிப்ரவரியில் முழுத் தடமும் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் பிறகு வந்த மாற்றம் வழியெங்கும் தெரிகிறது. பழைய வங்கி இப்போது தங்கும் விடுதி. கம்பளி கத்தரிக்கும் ஆட்கள் படுத்த கூடத்தில் இப்போது சைக்கிள்காரர்கள் படுக்கிறார்கள். பண்ணை வீட்டுப் பெண்கள் இரண்டு அறையை ஒழித்து வாடகைக்கு விடுகிறார்கள், இரவுச் சாப்பாடும் போடுகிறார்கள். நாங்கள் ஒரு ராத்திரி தங்கிய வீட்டுக்காரர் ஆட்டுப் பண்ணைக்காரர். அவருடைய அப்பா தடத்தை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவராம். மகன் இப்போது பண்ணை வருமானம் மோசமான வருஷங்களில் இந்த அறைகள்தான் தாங்குகின்றன என்கிறார். தடம் எந்த ஊரையும் பணக்கார ஊராக்கிவிடவில்லை. கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். நூறு, இருநூறு பேர் வாழும் ஊரில் கடை திறந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படி நூறு வருஷத்துக்கும் மேலாகத் திறந்திருக்கும் கடை ஒன்று ஒட்டுரேஹூவாவில் இருக்கிறது. கில்கிறிஸ்ட் கடை. பழைய தகர டப்பாக்களும் மர அலமாரியுமாக உள்ளே அந்தக் காலம். அதே ஊரில், தடத்திலிருந்து கொஞ்சம் விலகினால், எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் 1895-இல் தொடங்கிய பட்டறை. வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவிகளுக்குப் பேர்போனவர். மண் சுவர்க் கட்டடம், ஒரே அச்சில் கோத்த பெல்ட்டுகள் பல இயந்திரங்களைச் சுழற்றும் அமைப்பு. அப்பா அங்கிருந்து கிளம்ப மனசில்லாமல் நின்றார். எனக்கு அங்கே பிடித்தது அவருடைய மனைவி ஹன்னாவின் கதை. கணவர் செய்த கருவிகளை விற்க, அந்தக் காலத்து நீண்ட பாவாடையோடு சைக்கிளில் ஏறி, பண்ணை பண்ணையாகப் போனவர் ஹன்னா. தார் ரோடு கிடையாது, கியர் கிடையாது, பிள்ளைகள் வேறு நிறைய. இந்த வட்டாரத்தில் சைக்கிள் சவாரி 2000-இல் தொடங்கவில்லை என்பதை அவர் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒட்டுரேஹூவாவுக்கும் வெடர்பர்னுக்கும் நடுவே தடத்தின் மிக உயரமான இடம், 618 மீட்டர். அந்தப் பக்கத்திலேயே 45 டிகிரி தென் அட்சரேகையும் கடக்கிறது. பூமத்திய ரேகைக்கும் தென் துருவத்துக்கும் நடு. அதற்குப் பிறகு மானியோட்டோட்டோ சமவெளி. கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் புல், தூரத்தில் மலைவரிசை, மேலே ஏகப்பட்ட வானம். இதைப் பார்க்கத்தான் பலர் உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பரப்பில் காற்றைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை. மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பினால் இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கும். காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுவது ஒன்றே வழி. சமவெளியின் நடுவிலுள்ள ரான்ஃபர்லியில் 1903-இல் பதிவான மைனஸ் 25.6 டிகிரிதான் நியூசிலாந்தில் இதுவரை அளந்ததில் மிகக் கடுமையான குளிர். அந்தக் குளிரிலும் ஒருவர் விடிகாலையில் சுத்தியலோடு லைனில் நடந்திருப்பார் என்று அப்பா சொன்ன பிறகுதான் அந்த எண்ணுக்கு எனக்கு அர்த்தம் விளங்கியது.

ஹைடு ஊரைத் தாண்டிய வெட்டுப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1943 ஜூன் 4. குரோம்வெல்லிலிருந்து டனீடனுக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில். மன்னர் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டிய வெள்ளிக்கிழமை, வண்டியில் நூற்றுக்கும் மேற்பட்டோர். மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் கடக்க வேண்டிய வளைவில் வண்டி 112 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. தடம்புரண்டு, பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி வெட்டுப்பாதைக்குள் நொறுங்கின. 21 பேர் செத்துப்போனார்கள், 47 பேருக்குக் காயம். ஓட்டுநர் குடித்திருந்தார். அவருக்கு மூன்று வருஷம் சிறை கிடைத்தது. அங்கே இப்போது கற்களை அடுக்கிக் கட்டிய நினைவுச்சின்னம் இருக்கிறது.

அப்பா வளைவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். திரும்பி வந்து, குனிந்து உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார்.

"வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளத்த இப்படித் தூக்கி வைப்போம். வண்டி வெளிய சாயாம இருக்க. ஆனா அது ஒரு வேகத்துக்குத்தான் கணக்கு தாயி. ரெட்டிப்பு வேகத்துல வந்தா எந்தக் கேங்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

அப்புறம், "மறுநாள் இந்த லைனச் சரி பண்ணுனதும் கேங் ஆளுகதான்" என்றார். விபத்து நடந்த இடத்தைச் சுத்தம் செய்வது பற்றி அவர் வீட்டில் ஒருபோதும் பேசியதில்லை. அன்று கொஞ்சம் பேசினார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் நின்ற நேரத்தில் பல சைக்கிள்கள் நிற்காமல் கடந்தன. வேகமாகப் போக நல்ல இறக்கம் அது, புரிகிறது. ஆனாலும் இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள்.

ஹைடிலிருந்து மிடில்மார்ச் கடைசி 27 கிலோமீட்டர். ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர் வலது பக்கமாகவே கூட வருகிறது. மிடில்மார்ச்சில் சரளை முடிந்து தண்டவாளம் தொடங்குகிறது. இங்கிருந்து டனீடன் பக்கம் உள்ள ஏறக்குறைய 60 கிலோமீட்டரை, மூடும் நேரத்தில் டனீடன் நகராட்சி சுற்றுலா ரயிலுக்காக வாங்கிக் காப்பாற்றியது. அப்பா இறங்கி முதல் வேலையாக இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அடி வைத்து அளந்தார். நம் பழைய மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், இது 1067. "விரக்கடை கூடத்தான் இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார், நான் எண்ணைச் சொல்வதற்கு முன்னால்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தடத்துக்குக் கட்டணம் கிடையாது. பெரும்பாலானவர்கள் மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பவர்கள் ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். முழுவதும் நடக்க முடியாவிட்டால் லாடரிலிருந்து பூல்பர்ன் வரை மட்டுமாவது நடந்துவிட்டுத் திரும்புங்கள். சைக்கிளை வாடகைக்கு விடுகிறவர்களே பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். சரளைப் பாதை, அகலமான டயர் வேண்டும். முள் உண்டு, மாற்று டியூப் அவசியம். மூடிய கேட்டைத் திறந்தால் மூடிவிட்டே நகருங்கள், அந்தப் பழைய கூட்டத்தில் பேசியவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் பண்ணை வைத்திருக்கிறார்கள். ஊர்களுக்கு நடுவே குடிநீருக்கு உத்தரவாதம் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் செய்து தருகிறார்கள், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு வறுவலோடு நாளை ஓட்ட வேண்டியதுதான். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் எங்களுக்குக் கைகொடுத்தது. கூட்டம் கூட்டமாக வரும் சைக்கிள்காரர்கள் மோப்பம் பிடித்து வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மார்ச், ஏப்ரல் நல்ல காலம். வெயில் தணிந்திருக்கும், ஏப்ரலில் பாப்லர் மரங்கள் மஞ்சளாகும். அக்டோபர், நவம்பரில் போனால் தைம் பூத்திருக்கும்.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், கிளைடு என்பேன். இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அணைக்காக மூடிய கிளைடு, குரோம்வெல் பகுதியில் 2021-இல் டன்ஸ்டன் ஏரிக்கரையை ஒட்டிச் சைக்கிள் பாதை ஒன்று திறந்திருக்கிறார்கள். பாறை செங்குத்தாக ஏரிக்குள் இறங்கும் இடங்களில் பாறையிலேயே பலகைப் பாதையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏற்ற இறக்கம் அதிகம், ஐம்பதுக்கு ஒன்று கணக்கெல்லாம் அங்கே செல்லாது, கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. பழைய லைன் அந்த ஏரியின் அடியில் கிடக்கிறது. அப்பாவுக்கு அதையும் பார்த்தாக வேண்டுமாம். அடுத்த தடவை வரும்போது பேட்டரியை அணைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறேன். அம்மா இந்த முறை தானும் சைக்கிளில் வருவதாகச் சொல்லி, ஊரில் காலையில் கண்மாய்க் கரையில் பழகிக்கொண்டிருக்கிறாள்.